துடைப்பம் எப்போது பறக்கும்?

அத்தையின் அலமாரி: வாசகர் கேள்வி-பதில்

போன மாதம் ஒருவர், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தார். இளம் சூனியக்காரிகளும் ஒளிந்து கிடக்கும் மாயமும் வருகிற, நிதானமாக நகர்கிற மூன்று உலகங்களைச் சொல்லி வைத்தேன். ஜப்பானின் எய்கோ கடோனோ எழுதிய கிகி, இங்கிலாந்தின் டெர்ரி ப்ராட்செட் எழுதிய டிஃபனி, அமெரிக்காவின் உர்சுலா லெ குவின் படைத்த எர்த்ஸீ தீவுகள். ஆளுக்கு இரண்டு வரிதான் எழுதினேன். அதற்கு வந்திருக்கும் கடிதக் கட்டைப் பார்த்தால், சூனியக்காரியை விட "நிதானம்" என்ற சொல்தான் நிறையப் பேரை உறுத்தியிருக்கிறது. இந்த மாதம் முழுக்க அதே பேச்சுதான். சமையல் புத்தகம் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

அத்தை, நீங்கள் சொன்னதை நம்பி கிகியின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கினேன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நாற்பதாம் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒண்ணுமே நடக்கலம்மா" என்கிறாள். காசு போனது போகட்டும், வற்புறுத்திப் படிக்க வைக்கலாமா?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

வைக்காதீர்கள். முப்பத்தொரு வருடம் கிளை நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கியவள் நான். எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் கைவிட்டார்கள் என்பது திரும்பி வரும்போதே தெரிந்துவிடும். அந்த இடத்தில் ஒரு பஸ் டிக்கெட் இருக்கும். இல்லாவிட்டால் ஹேர்பின், வேப்பிலை, ஒரு தடவை பாதி அப்பளம். பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில்தான். அதே ஆள் இரண்டு வருடம் கழித்து அதே புத்தகத்தை எடுத்துப்போய், டிக்கெட் இல்லாமல் திருப்பித் தந்ததையும் பார்த்திருக்கிறேன். வற்புறுத்தப்பட்ட பிள்ளைகள் அப்படித் திரும்பி வந்ததில்லை.

ஆனால் "ஒண்ணுமே நடக்கல" என்பதில் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. அந்த ஆரம்பப் பக்கங்களில் நடப்பது என்ன? சூனியக்காரி வீட்டில் பிறந்த பெண், தானும் அதே வழியில் போவதா வேண்டாமா என்று பத்து வயதில் முடிவு செய்ய வேண்டும். சரி என்றால், பதின்மூன்று வயதில் ஒரு பௌர்ணமி இரவு வீட்டை விட்டுக் கிளம்பி, சூனியக்காரியே இல்லாத ஓர் ஊரைக் கண்டுபிடித்து, ஒரு வருடம் தன் கையால் பிழைத்துக் காட்ட வேண்டும். கிகியின் அம்மாவுக்கு மூலிகை மருந்து செய்யவும் தெரியும், பறக்கவும் தெரியும். மகளுக்குப் பறக்க மட்டும்தான் வரும். செடிக்குத் தண்ணீர் ஊற்றி, முளைப்பதற்குக் காத்திருந்து, பறித்துக் காய்ச்சிக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. (உங்கள் வீட்டில் இதே வயதில் ஒருத்தி இருப்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.)

அப்புறம் அந்த மணிகள். கிகி சின்னவளாக இருக்கும்போது, பறந்துகொண்டே எதையாவது நினைத்து மெய்மறந்து தாழ இறங்கிவிடுவாள். அதனால் ஊரில் உயரமான மரங்களின் உச்சியிலெல்லாம் அம்மா மணி கட்டி வைத்திருக்கிறாள். கால் பட்டு மணி அடித்தால், "ஓ, இன்னிக்கும் பிள்ளை எங்கேயோ பராக்கு பார்த்துட்டே வருது" என்று வீட்டில் தெரிந்துவிடும். மகள் கிளம்பும் வயது வந்தபோது மணிச் சத்தமே குறைந்து போயிருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. உங்கள் மகளுக்கு அடைக்காது. மணி கட்டியது அவள் இல்லையே.

ஆகவே புத்தகத்தை நீங்கள் படியுங்கள். அவள் கண்ணில் படும்படி, சிரிக்க வேண்டிய இடத்தில் சத்தமாகச் சிரித்துப் படியுங்கள். ஊருக்குப் போய் ரொட்டிக் கடையில் இடம் பிடித்த பிறகு, ஒவ்வோர் அத்தியாயமும் தனித் தனியாக ஒரு பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கதைதான். முதல் பொருள், யாரோ ஒரு தாய் கடையில் மறந்து வைத்துவிட்டுப் போன குழந்தையின் சூப்பான். ராத்திரி ஒன்று வீதம் வாய்விட்டு வாசிக்கலாம்.

*

மியாசாகி எடுத்த கிகி படத்தைப் பார்த்தாயிற்று. இனி புத்தகம் எதற்கு?
– ர.த., கோவை

1989இல் வந்த படம், நல்ல படம். ஆனால் புத்தகம் 1985இல் எழுதப்பட்ட வேறு சாமான். படத்தில் கிகியின் சக்தி போய்விடுகிறது, கடைசியில் ஆகாயக் கப்பலில் தொங்கும் பையனைக் காப்பாற்றுகிறாள், நாம் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறோம். புத்தகத்தில் ஆகாயக் கப்பலும் இல்லை, அப்படியொரு ஆபத்தும் இல்லை. ஒரு வருடம் ஓடுகிறது, வேலை பழகுகிறாள், ஊர் அவளுக்குப் பழகுகிறது. அவ்வளவுதான். இந்த "அவ்வளவுதான்" பிடிப்பவர்களுக்குப் புத்தகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடோனோவின் மகள் சிறுமியாக இருந்தபோது வரைந்த ஒரு படம்தான் இந்தக் கதைக்கு விதை. துடைப்பத்தில் பறக்கிற சூனியக்காரி, ரேடியோவைத் தொங்கவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகிறாள். பிள்ளைகள் கிறுக்கிய தாளைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் தாய்மார்கள் கவனிக்க. 2018இல் கடோனோவுக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது.

*

அத்தை, நான் ஒரு மாய நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வால்பாறையில் பிளஸ் டூ படிக்கும் மூன்று பெண்கள். மூவருக்கும் சக்தி இருக்கிறது, ஆனால் 130ஆம் பக்கத்தில்தான் அது வெளிப்படுகிறது. படித்த நண்பர்கள் எல்லாரும், "முதல் அத்தியாயத்திலேயே ஒரு மாயத்தைக் காட்டு, இல்லாட்டி எவனும் படிக்க மாட்டான்" என்கிறார்கள். முதல் இரண்டு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். காத்திருக்க வைப்பது தப்பா?
– க.ம., பொள்ளாச்சி

தம்பி, காத்திருக்க வைப்பது தப்பில்லை. காத்திருப்பவனுக்கு உட்கார ஒரு பெஞ்சு போடாததுதான் தப்பு.

அனுப்பிய இரண்டு அத்தியாயங்களையும் பென்சிலோடு படித்தேன். "ஏதோ ஒரு" என்ற சொல் பதினேழு முறை வருகிறது. ஏதோ ஒரு நிழல், ஏதோ ஒரு குளிர், ஏதோ ஒரு வாசனை, அவள் கண்ணில் ஏதோ ஒரு ஒளி. ஒளித்து வைப்பதற்கும் மங்கலாக எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நெல்லுக்குள் மோதிரத்தை ஒளிக்கலாம், புகைக்குள் ஒளிக்க முடியாது. புகை கலைந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று வாசகன் அஞ்சாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறான்.

லெ குவின் 1968இல் எழுதிய முதல் எர்த்ஸீ நாவலில் என்ன செய்கிறார் பாருங்கள். மலைத் தீவில் ஆடு மேய்க்கும் ஏழு வயதுப் பையன். அவன் பெரியம்மாவோ சித்தியோ, ஊர்ச் சூனியக்காரி, கூரை மேல் ஏறிய ஆட்டை ஒரு பாட்டுச் சொல்லி இறக்குவதைப் பார்க்கிறான். மறுநாள் அதே சொற்களைத் தன் ஆடுகளிடம் சொல்கிறான், அர்த்தம் தெரியாமல். ஆடுகள் வருகின்றன. வந்து, அவனை நெருக்கிக்கொண்டு நின்று, விலக மாட்டேன் என்கின்றன. அவன் பயந்து ஊரை நோக்கி ஓட, ஒரே கயிற்றில் கட்டினது போல மொத்த மந்தையும் அவனைச் சுற்றியபடியே ஓடி வருகிறது. கூப்பிடத் தெரிந்துவிட்டது, அனுப்பத் தெரியவில்லை. அந்தப் பையனின் முழு வாழ்க்கையும் அந்த ஆட்டு மந்தைக்குள் இருக்கிறது. ஆனால் முதல் தடவை படிக்கும்போது நாம் சிரித்துவிட்டுத்தான் போகிறோம்.

ஆகவே உங்கள் நண்பர்கள் பாதி சரி. முதலிலேயே ஒன்று காட்ட வேண்டும். இடி மின்னல் வேண்டியதில்லை, ஆடு போதும்.

பிறகு அதே பையன் ஓகியோன் என்ற பெரிய மந்திரவாதியிடம் சீடனாகப் போகிறான். பல நாள் நடக்கிறார்கள். குருவோ வாயே திறப்பதில்லை. மழை வந்தால் மந்திரத்தால் அதை வேறு பக்கம் தள்ளிவிடாமல், மரத்தடியில் படுத்து நனைகிறார். "என் பயிற்சி எப்போது ஆரம்பிக்கும்?" என்று பையன் கேட்கிறான். "ஆரம்பித்துவிட்டதே" என்கிறார் குரு. வழியோரச் செடி ஒன்றைக் காட்டி இதனால் என்ன பயன் என்று கேட்டால், அதை எல்லாப் பருவத்திலும், வேர் முதல் விதை வரை தெரிந்துகொண்ட பிறகுதான் அதன் உண்மைப் பெயரைத் தெரிந்துகொள்ள முடியும் என்கிறார். அந்த உலகத்தில் மந்திரம் என்பதே பொருள்களின் உண்மைப் பெயர்தான். பையனுக்கு எரிச்சல். வாசகனுக்கும் எரிச்சல். இரண்டு எரிச்சலும் ஒன்றாக இருப்பதால்தான் நாம் புத்தகத்தை மூடாமல் அவன் பின்னாலேயே போகிறோம். அவன் பொறுமை இழந்து செய்யும் தவறுக்கு நாமும் உடந்தை.

உங்கள் மூன்று பெண்களும் எதற்காவது எரிச்சல் படுகிறார்களா? நான் படித்தவரை பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தேயிலைக் காட்டில் வளர்ந்த பிள்ளைகள் பனியை இப்படிப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், சுற்றுலா வந்தவர்கள்தான் நிற்பார்கள். அம்மா கொழுந்து கிள்ளப் போயிருப்பாள். அட்டைக் கடிக்கு என்ன தடவுவது என்று தெரிந்திருக்கும். எந்தப் புதரில் காட்டு மாடு நிற்கும் என்று மூக்கு சொல்லும். அதை எழுதுங்கள். அந்த மூவரில் ஒருத்தி காலில் மட்டும் அட்டை ஏறுவதே இல்லை என்று பன்னிரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி வையுங்கள். 130ஆம் பக்கத்தில் வாசகன் தானாகத் திரும்பிப் போய் அந்த வரியைத் தேடுவான்.

என் ஆச்சி கதையைச் சொல்கிறேன், பிறகு விட்டுவிடுகிறேன். தாமிரபரணிக் கரையில் எங்கள் கிராமம். ஆச்சி கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கு விடும் என்று ஊரில் நம்பிக்கை. சாயங்காலம் ஆனால் திண்ணையில் ரெண்டு பேராவது இருப்பார்கள். ஆச்சி உடனே கை வைக்க மாட்டாள், கால் வைக்க மாட்டாள் என்று சொல்ல வேண்டும். "வாருமய்யா, பிசானம் எப்படி இருக்கு? மருமவ எப்ப வாரா?" என்று ஊர்க்கதை. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் எனக்கு எரிச்சலாக வரும். வந்தவர் முக்கால்வாசி நேரம் பேசிக்கொண்டே இருப்பார், அப்புறம் ஆச்சி எழுந்து, நல்லெண்ணெய் தொட்டு, குதிகாலால் ஒரே ஓர் இடத்தில் அழுத்துவாள். அரை நிமிஷம். வந்தவர் "யம்மா" என்று கத்திவிட்டு, எழுந்து நடந்து காட்டுவார். காசு வாங்க மாட்டாள். வெற்றிலை, ரெண்டு வாழைக்காய், தோட்டத்தில் காய்த்தது ஏதாவது.

பல வருடம் கழித்துத்தான் கேட்டேன், எதுக்கு ஆச்சி அவ்வளவு நேரம் பேசுவே என்று. "பேசும்போதுதான புள்ள, எந்தப் பக்கம் சாஞ்சு உக்காருதான், எந்தக் கையை ஊணுதான்னு தெரியும். வலிக்கிற எடத்தைக் கேட்டா தப்பாத்தான் சொல்லுவான்" என்றாள். நான் ஊர்க்கதை என்று நினைத்ததுதான் வைத்தியம். மிதித்தது கடைசி வரி.

உங்கள் 130 பக்கமும் ஆச்சியின் திண்ணைப் பேச்சு மாதிரி இருக்க வேண்டும் தம்பி. இப்போது வெயிட்டிங் ரூம் மாதிரி இருக்கிறது. "ஏதோ ஒரு" பதினேழையும் அடித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். படிக்கிறேன்.

(கிகியும் இப்படித்தான் வாங்குகிறாள். விலைப்பட்டியல் கிடையாது. கொடுக்கிறவர்கள் தங்களிடம் இருப்பதில் ஒரு பங்கைக் கொடுக்கிறார்கள். முதல் தடவை அதைப் படித்தபோது ஆச்சியின் வாழைக்காய்தான் ஞாபகம் வந்தது.)

*

ஹாரி பாட்டர் பிடிக்காதா உங்களுக்கு? பெயரையே காணோம்!
– பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு, வேலூர்

பிடிக்கும். நூலகம் திறப்பதற்கு முன்னால் வாசலில் ஆறு பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்து நின்றது அந்தப் புத்தகத்துக்கு மட்டும்தான். நன்றி மறக்க மாட்டேன். ஆனால் அதற்கு என் சிபாரிசு தேவையில்லை.

*

அம்மையீர், துடைப்பத்தில் பறக்கும் பெண்களை இறக்குமதி செய்துதான் நம் பிள்ளைகள் படிக்க வேண்டுமா? தமிழ் மரபில் இல்லாத சரக்கு இது. இருந்தாலும் சிலம்பில் வரும் இடாகினி போலப் பிணந்தின்னும் பேய்தானே?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஐயா, வணக்கம். இடாகினியை நினைவுபடுத்தியதற்கு நன்றி. பால் விக்கி இறந்த குழந்தையை மாலதியின் கையிலிருந்து வாங்கி விழுங்கும் அந்த இடத்தை இரவில் படிக்கக் கூடாது என்று எங்கள் தமிழம்மா சொல்வார்.

ஆனால் சிலம்பை எடுத்த கையோடு பக்கத்து நூலையும் எடுத்திருக்கலாமே. பிறந்த வீட்டுத் தொழில் வேண்டாம் என்று முடிவெடுக்கும் ஓர் இளம்பெண். தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு போகப்பட்டு, ஆளில்லாத் தீவில் கண் விழிக்கிறாள். அங்கே அவளுக்கு மூன்று மந்திரம் கிடைக்கிறது: வேற்றுருக் கொள்ள ஒன்று, வானத்தில் செல்ல ஒன்று, பசியைப் போக்க ஒன்று. தாங்கள் முப்பது வருடம் வகுப்பில் நடத்திய மணிமேகலைதான் ஐயா. துடைப்பம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இந்த மாதப் பேச்சுக்கு இன்னும் பொருத்தமான ஒன்று உண்டு. மொத்தம் முப்பது காதைகளில் மந்திரம் கிடைப்பது பத்தாவதில். அதுவரை இந்திர விழா அறிவிப்பு, ஊரார் அலர், மலர்வனம், பளிங்கு மண்டபம், சுடுகாட்டுக் கோட்டத்தின் கதை. "ஒண்ணுமே நடக்கல" என்று நாமக்கல் பிள்ளை சாத்தனாரிடமும் சொல்லியிருப்பாள்.

மந்திரம் கிடைத்ததும் அவள் செய்வது அதைவிட ஆச்சரியம். வானில் பறந்து புகாருக்குத் திரும்பி, அமுதசுரபியை ஏந்திக்கொண்டு பிச்சைக்குப் போகிறாள். ஆதிரை இட்ட முதல் பிச்சையை வாங்கிக்கொண்டு பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். யானைத்தீ நோயால் வாடிய காயசண்டிகையின் பசியைத் தீர்க்கிறாள். பறக்கத் தெரிந்தவள் பார்க்கிற வேலை, சோறு போடுவது! ப்ராட்செட்டின் இரண்டாவது டிஃபனி நாவல் 2004இல் வந்தது. அதில் பெரிய மந்திரம் கற்கலாம் என்று போன பெண்ணை, வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவர்களைக் கவனிக்கும் வேலையில் விடுகிறார்கள். படித்தபோது, இவள் மணிமேகலைக்குத் தங்கச்சி முறை ஆகணுமே என்று நினைத்துக்கொண்டேன்.

மந்திரத்துக்கு விலை உண்டு என்பதையும் சாத்தனார் மறக்கவில்லை. தன்னைத் துரத்தும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பிக்கக் காயசண்டிகை உருவம் எடுக்கிறாள். அந்த உருவத்தோடு சிறைக்கோட்டத்துக்குள் போய் அங்கிருப்பவர்களுக்கும் சோறிட்டு, அதை அறக்கோட்டமாகவே மாற்ற வைக்கிறாள். அதே உருவம்தான் கொலைக்கும் காரணமாகிறது. தன் மனைவியை எவனோ நெருங்குகிறான் என்று எண்ணி, காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் இரவில் உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். வேஷம் அவளுக்குப் பாதுகாப்பாகத்தான் இருந்தது. அடுத்தவர் கண்ணுக்கு அது அவன் மனைவி. இவ்வளவு நுட்பமான ஒரு மாயக் கதையை வைத்துக்கொண்டு, அதைப் பிள்ளைகளுக்குப் பத்து மதிப்பெண் மனப்பாடப் பகுதியாக ஆக்கியது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. தாங்கள் பெரியவர்.

*

பில்லி, சூனியம் என்று ஊரை ஏமாற்றும் கூட்டம் போதாதா? வடக்கே இன்றும் பெண்களைச் சூனியக்காரி என்று அடித்துக் கொல்கிறார்கள். நீங்கள் அதையே அழகாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறீர்கள்.
– ஒரு பகுத்தறிவுவாதி, ஈரோடு

உங்கள் கோபம் நியாயமானது. ஜார்கண்டில் 2001 முதல் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது, அதற்கு முன்பே 1999இல் பீகார் கொண்டுவந்தது. சட்டம் தேவைப்படுகிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். சுட்னி மகதோ என்ற ஜார்கண்ட் பெண்மணியை ஊரே சூனியக்காரி என்று முத்திரை குத்தி வதைத்தது. அவர் தப்பிப் பிழைத்து, தன்னைப் போன்ற பெண்களைக் காப்பாற்றுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இப்படி முத்திரை குத்தப்படுபவள் பெரும்பாலும் விதவை, அல்லது தனியாக இருப்பவள், அல்லது யாரோ கண் வைத்த ஒரு துண்டு நிலத்தைக் கையில் வைத்திருப்பவள். "சூனியக்காரி" என்ற சொல்லுக்குப் பின்னால் பல இடங்களில் ஒரு பத்திரம் இருக்கிறது.

ஆனால் நான் சொன்ன டிஃபனி கதையை நீங்கள் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். 2003இல் வந்த முதல் நாவலை உங்கள் இயக்கக் கூட்டத்தில் வைத்தே வாசிக்கலாம். டிஃபனிக்கு ஒன்பது வயது. ஆடு வளர்க்கும் சுண்ணாம்புக் குன்று நாடு. ஊரில் பல் போன ஒரு கிழவி தனியாக இருந்தாள், தனக்குத் தானே பேசிக்கொள்வாள், ஒரு பூனை. பிரபுவின் மகன் காணாமல் போனதும், இவள்தான் அடுப்பில் வைத்துச் சுட்டுத் தின்றிருப்பாள் என்று ஊர் முடிவு செய்கிறது. வீட்டைக் கொளுத்திவிடுகிறார்கள். பனிக்காலத்தில் அவளுக்கு யாரும் இடம் தரவில்லை. செத்துப் போகிறாள். எல்லாம் முடிந்த பிறகு டிஃபனி மட்டும் அந்த இடிபாட்டுக்குள் போய் அடுப்பைப் பார்க்கிறாள். ஒரு பையன் நுழையவே முடியாத சின்ன அடுப்பு. ஊரில் வேறு யாருக்கும் அடுப்பைப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. இப்படி இன்னொருத்திக்கு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவள் சூனியக்காரி ஆக விரும்புகிறாள்.

எதையும் அளந்து பார்க்கிற பிள்ளை அது. ஆற்றிலிருந்து வரும் பூதத்துக்குச் சூப் தட்டு அளவு கண் என்று புத்தகத்தில் போட்டிருந்தால், சமையலறைக்குப் போய்த் தட்டை அளக்கிறாள். எட்டு அங்குலம். அப்புறம்தான் வாணலியை எடுத்துக்கொண்டு பூதத்தை அடிக்கப் போகிறாள். அவளுடைய மாயத்தின் பெரும்பகுதி இதுதான்: மற்றவர்கள் பார்த்ததாக நினைத்துக்கொள்வதை இவள் நிஜமாகவே பார்க்கிறாள்.

1692இல் அமெரிக்காவின் சேலத்தில் (நம் மாம்பழச் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ்) பத்தொன்பது பேரைச் சூனியக்காரர்கள் என்று தூக்கில் போட்டார்கள். அந்த விவகாரம் தொடங்கியது ஒன்பது வயதும் பதினொன்று வயதுமான இரண்டு சிறுமிகளுக்கு வந்த வலிப்பிலும் அவர்கள் விரல் நீட்டிச் சொன்னதிலும்தான். ப்ராட்செட்டின் நாயகிக்கும் அதே ஒன்பது வயது என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

சொல்லைப் பற்றி ஒன்று. "சூனியக்காரி" என்று எழுதும்போது எனக்கும் கை கூசத்தான் செய்கிறது. மாயக்காரி என்றால் ஆளை மயக்குபவள் என்று ஆகிவிடும். மந்திரவாதினி என்றால் டப்பிங் படம். இந்த மாதத்துக்குச் சூனியக்காரி என்றே வைத்துக்கொண்டேன். திட்டும் சொல்லாகவே அது இருக்கட்டும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

*

எர்த்ஸீ முதல் புத்தகம் படித்தேன். மந்திரப் பள்ளியில் ஒரு பெண் கூட இல்லை. பெண் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்று பழமொழி வேறு. எழுதியவர் ஒரு பெண்தானே? கோபமாக வருகிறது.
– பிளஸ் டூ மாணவி, தஞ்சாவூர்

வரட்டும். எழுதியவருக்கே வந்தது. 1968, 1971, 1972 என்று மூன்று நாவல்கள் எழுதிவிட்டு, நான்காவதை 1990இல் கொண்டுவந்தார் லெ குவின். பதினெட்டு வருட இடைவெளி. அதில் அந்த ஆட்டுக்காரப் பையன், பெரிய மந்திரவாதியாகிவிட்டவர், சக்தியெல்லாம் தீர்ந்து, களைத்து வந்து சேர்கிறார். கதையை நடத்துவது ஒரு நடுத்தர வயது விதவை. பண்ணை வேலை, பாத்திரம், வெள்ளாடு, கூடவே தீயில் தள்ளப்பட்டு ஒரு பக்கம் கருகிப்போன ஒரு சிறுமி. அந்தச் சிறுமி யார் என்பதைக் கடைசி வரை ஒளித்து வைத்திருக்கிறார். ஒளித்து வைத்தாலும் ஏமாற்றவில்லை, எல்லாக் குறிப்பும் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. பொள்ளாச்சித் தம்பி இதையும் படிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு 2001இல் வந்த கதைத் தொகுப்பில், அந்தப் பள்ளியை ஆரம்பித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள், பின்னால்தான் அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள் என்று எழுதினார். தான் கட்டிய வீட்டின் அஸ்திவாரத்தைத் தானே தோண்டிப் பார்க்கிற தைரியம் எத்தனை எழுத்தாளர்களுக்கு வரும்? முதல் புத்தகத்தில் அந்தப் பையனுக்கு ஆடு அழைக்கும் சொல்லைக் கொடுத்தது யார் என்று மட்டும் திரும்பிப் பாருங்கள். பள்ளியில் எந்த ஆசிரியரும் இல்லை.

உங்கள் கோபத்தோடு இரண்டாவது நாவலையும் எடுங்கள். அதில் ஒரு பெண்தான் நாயகி. பாதிப் புத்தகம் இருட்டுக்குள்ளேயே நடக்கிறது, நிஜமாகவே விளக்கில்லாத சுரங்கப் பாதைகளில், கையால் சுவரைத் தடவி எண்ணிக்கொண்டே. பரீட்சை முடிந்த பிறகு படியுங்கள். ஆரம்பித்தால் வைக்க மாட்டீர்கள்.

*

மூன்றில் எதை முதலில் படிப்பது? வயது 58, பொறுமை குறைவு.
– ந.வெ., தூத்துக்குடி

டிஃபனி. சிரிப்பு இருக்கிறது, ஆறு அங்குல உயரத்தில் நீலத் தோலோடு சண்டைக்கார மனிதர்கள் கூட்டமாக வருகிறார்கள், பொறுமை குறைந்தவர்களுக்கென்றே அனுப்பியது போல.

*

நாமக்கல் அம்மாவின் கடிதத்தை மறுபடி கவருக்குள் வைக்கப் போனபோதுதான் கவனித்தேன். பின்பக்கத்தில், தாளின் ஓரமாக, பென்சிலில், வேறு கையெழுத்தில்:

"அத்தை, கிகியோட துடைப்பத்தை அந்தப் பையன் திருடி உடைச்சிட்டான் இல்ல, அவனை அவ மன்னிச்சிருக்கக் கூடாது. நானா இருந்தா பேசியே இருக்க மாட்டேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது கண்ணு. ஆனால் பழையது உடைந்ததால்தானே அவள் தன் கையாலேயே புதிதாக ஒன்று செய்தாள்? அது ஆரம்பத்தில் சொன்ன பேச்சுக் கேட்காமல் படுத்திய பாட்டை மறுபடி ஒரு தடவை படித்துவிட்டு எழுது.

உன் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. துடைப்பம் உடைவது நாற்பதாம் பக்கத்தைத் தாண்டி வெகு தூரத்தில் என்பதையும் சொல்லவில்லை.